கைப்பிடியா, வலையா, பெல்ட்டா: ஐந்து தளக் கட்டடத்தில் எதை எங்கே போடுவது?

போன மாதம் ஒரு கான்ட்ராக்டர் நண்பர் போனில் கூப்பிட்டார். கீழே பார்க்கிங், மேலே நாலு மாடி. அதே வளாகத்தின் பின்பக்கம் ஒரு குடோன், அதற்கு ஷீட் கூரை. "பச்சை வலை சுத்திக் கட்டியாச்சு, பெல்ட்டும் பத்து வாங்கிப் போட்டாச்சு. இதுக்கு மேல என்ன செய்யணும், சொல்லுங்க சார்" என்றார். ஆட்கள் மேல் அக்கறை இருப்பவர்தான், இல்லாவிட்டால் இதைக் கேட்டிருக்கவே மாட்டார். மறுநாள் சைட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி ஸ்லாப் ஓரத்தில் இரண்டு பேர் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். பெல்ட் போட்டிருந்தார்கள், ஆனால் ஹூக் எதிலும் மாட்டப்படாமல் தோளில் கிடந்தது. அவர்களுக்கும் தரைக்கும் நடுவில் அந்தப் பச்சை வலை மட்டும்தான் இருந்தது.

அன்று அவரிடம் உட்கார்ந்து பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். உயரத்திலிருந்து ஆள் விழாமல் இருக்க, விழுந்தாலும் உயிர் போகாமல் இருக்க, நடுத்தர சைட்டில் மூன்று வழிகள் உண்டு: ஓரத்தில் கைப்பிடித் தடுப்பு, கீழே வலை, உடம்பில் பெல்ட். மூன்றில் எது சிறந்தது என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது. இந்த இடத்தில், இந்த வேலைக்கு எது என்று கேட்டால் பெரும்பாலும் தெளிவாகவே கிடைக்கும்.

முதலில் அந்தப் பச்சை வலை

கட்டடத்தைச் சுற்றித் தொங்கும் பச்சை வலை நர்சரியில் நிழலுக்குப் போடும் அதே வகைதான். தூசியைத் தடுக்கும், பூச்சு வேலையில் தெறிக்கும் கலவையைத் தடுக்கும், சின்னக் கல் ரோட்டில் போகிறவர் தலையில் விழாமல் பார்த்துக்கொள்ளும். அதற்காகக் கட்டுங்கள், கட்டாயம் கட்டுங்கள். ஆனால் ஒரு ஆள் அதில் விழுந்தால் கிழிந்துவிடும், அல்லது கட்டியிருக்கும் சணல் அறுந்துவிடும். அதைவிட ஆபத்து என்னவென்றால், அது கண்ணுக்கு ஒரு சுவர் மாதிரித் தெரிகிறது. ஓரத்தில் நிற்கிறவருக்கு இயல்பாக வரவேண்டிய பயத்தை அது குறைத்துவிடுகிறது. பால்கனியில் புறா வராமல் கட்டும் வலையும் இப்படித்தான். ஆளைத் தாங்கும் கணக்கில் செய்தது இல்லை.

ஆளைப் பிடிக்கும் வலையைக் கையில் எடுத்தாலே வித்தியாசம் புரியும். நைலான் அல்லது பாலிபுரொப்பிலீன் கயிற்றில் பின்னியிருப்பார்கள். ஒவ்வொரு கண்ணும் 6 செ.மீ. அல்லது 10 செ.மீ. அளவில் இருக்கும். நாலு பக்கமும் விரல் தடிமனில் ஓரக்கயிறு ஓடும். தயாரித்த தேதி, அளவு, தரநிலை எண் எல்லாம் அச்சடித்த சீட்டு தைத்திருக்கும். இந்தியாவில் இதற்கான தரநிலை ஐ.எஸ் 11057. ஐரோப்பியத் தரநிலை இ.என் 1263. கடைக்காரர் "இதுவும் சேஃப்டி நெட்தான் சார்" என்று சொல்லும்போது அந்தச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். சீட்டு இல்லாவிட்டால் அதை ஆட்களுக்குக் கீழே கட்டாதீர்கள். எவ்வளவு தடிமனாக இருந்தாலும் சரி.

விழும்போது என்ன நடக்கிறது

உயரத்தை நாம் மாடிக் கணக்கில் நினைக்கிறோம். வேகக் கணக்கில் நினைத்துப் பார்த்தால் தேர்வு செய்வது சுலபமாகிவிடும். 2 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறவர் தரையைத் தொடும்போது மணிக்கு சுமார் 22 கி.மீ. வேகத்தில் இருப்பார். 6 மீட்டர், அதாவது இரண்டு மாடி என்றால் 39 கி.மீ. 9 மீட்டர் என்றால் 48 கி.மீ. இரண்டு மாடி விழ ஆகும் நேரம் ஒரு நொடிக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். கையை நீட்டி எதையாவது பிடித்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் அந்த நேரத்தில் நடக்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். விழுகிறவர் நேர் கீழே விழுவதில்லை. நடந்துகொண்டிருந்தவர், பலகையைத் தள்ளிக்கொண்டிருந்தவர், பின்பக்கமாக வந்தவர் எல்லோரும் போய்க்கொண்டிருந்த வேகத்தோடுதான் விழுவார்கள். சாதாரண நடை வேகத்தில் ஓரத்தைத் தாண்டினாலே, 6 மீட்டர் கீழே போவதற்குள் வெளிப்பக்கமாக ஒன்றரை மீட்டருக்கு மேல் போய்விடுவார். கட்டடத்தை ஒட்டி ஒரு மீட்டர் அகலத்துக்கு மட்டும் வலை கட்டினால் அவர் வலைக்கு வெளியே விழுவார்.

யார் நினைவில் வைத்திருக்க வேண்டும்?

மூன்று வழிகளுக்கும் உள்ள பெரிய வித்தியாசமாக எனக்குப் படுவது இதுதான். கைப்பிடியையும் வலையையும் ஒரு தடவை சரியாகப் போட்டுவிட்டால், இன்று காலை புதிதாக வந்த சித்தாளையும் அது காக்கும். அவருக்கு அதைப் பற்றி எதுவும் தெரியவேண்டாம். அவருடைய மொழி மேஸ்திரிக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை. இன்று நம் சைட்டுகளில் நிறையப் பேர் ஒடிசா, பீகார், வங்காளத்திலிருந்து வருகிறவர்கள் என்பதால் இதைச் சொல்கிறேன். பெல்ட் அப்படி இல்லை. அதைப் போட்டவர், ஒவ்வொரு தடவை நகரும்போதும், கழற்றி மறுபடி மாட்டவேண்டும். காலை எட்டு மணியிலிருந்து சாயந்திரம் ஆறு மணிவரை ஒரு தடவைகூட மறக்கக் கூடாது. கம்பி கட்டுகிறவர் ஒரு மணி நேரத்தில் எத்தனை அடி நகர்வார் என்று யோசித்துப் பாருங்கள். மறப்பதை அவர் குற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அந்த வேலைக்கு அந்தக் கருவியைக் கொடுத்தது நாம்தான்.

அதனால் என் வரிசை இது. முதலில் விழவே முடியாதபடி கைப்பிடி. அது முடியாத இடத்தில், விழுந்தால் பிடிக்க வலை. இரண்டும் முடியாத இடத்தில் பெல்ட். பெல்ட் பத்து வாங்கி வைத்துவிட்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுவது, நம்மூரில் மிகச் சாதாரணமாக நடப்பது. அது இந்த வரிசையைத் தலைகீழாக்குவது.

கைப்பிடி: மலிவு, ஆனால் நிலைக்காது

ஸ்லாப் போட்டு முட்டுப் பிரித்த பிறகு ஓரம், படிக்கட்டு, பால்கனி, லிஃப்ட் குழி, குழாய்கள் இறங்கும் டக்ட் ஓட்டை இவற்றுக்கெல்லாம் கைப்பிடிதான். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. ஒரு மீட்டரிலிருந்து 1.1 மீட்டர் உயரத்தில் மேல் கம்பி, நடுவில் ஒரு கம்பி, கீழே 10 செ.மீ. உயரத்துக்கு ஒரு கால்பலகை. கால்பலகை எதற்கு என்று பலர் கேட்பார்கள். சுத்தியலும் செங்கல் துண்டும் உருண்டு கீழே இருப்பவர் மேல் விழாமல் இருக்க. தரைத் திறப்புகளுக்கும் கைப்பிடிகளுக்கும் ஐ.எஸ் 4912 என்று தனியாக ஒரு தரநிலையே இருக்கிறது.

எந்தப் பொருளில் போடுவது? குழாய் சாரத்தின் குழாயும் கிளாம்பும் போதும். சவுக்குக் கட்டையைத் தேங்காய்நார்க் கயிற்றால் கட்டி வைத்திருப்பதை நிறையப் பார்க்கிறேன். ஒன்றுமே இல்லாததற்கு அது பரவாயில்லை என்று சொல்ல ஆசைதான், ஆனால் சொல்ல மாட்டேன். ஒரு ஆள் முழு எடையோடு சாய்ந்தால் நிற்கவேண்டும். அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷா, மேல் கம்பி 90 கிலோ அளவுக்கான தள்ளுவிசையைத் தாங்கவேண்டும் என்கிறது. நீங்களே போய்ச் சாய்ந்து பாருங்கள், உள்பக்கத்திலிருந்து இழுத்தும் பாருங்கள். ஆடினால் மறுபடி கட்டச் சொல்லுங்கள்.

கைப்பிடியின் பலவீனம் அது கழற்றப்படுவதில்தான் இருக்கிறது. செங்கல் ஏற்றவேண்டும், ஜன்னல் பிரேம் உள்ளே எடுக்கவேண்டும் என்று ஒரு இடத்தில் பிரிப்பார்கள். வேலை முடிந்ததும் மறுபடி மாட்ட யாரும் வரமாட்டார்கள். பொருள் ஏற்றும் இடம் எது என்று முதலிலேயே ஒவ்வொரு மாடியிலும் ஒரே ஒரு இடத்தை முடிவு செய்து, அங்கே மட்டும் திறந்து மூடும் கதவு மாதிரி வைத்துவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு தீரும். அங்கே நின்று பொருள் இறக்குகிறவர் ஒருவருக்கு மட்டும் பெல்ட்.

லிஃப்ட் குழிக்கு ஒரு வார்த்தை தனியாக. வாசலில் ஒரு பலகையைச் சாய்த்து வைப்பது தடுப்பாகாது. அங்கே இருட்டு வேறு. திருகாணி போட்டுப் பொருத்திய கம்பிக் கதவு வேண்டும். சின்ன டக்ட் ஓட்டைகளுக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது. ஸ்லாப் கம்பியை அந்த ஓட்டையின் குறுக்கேயும் தொடர்ந்து ஓடவிட்டுக் காங்கிரீட் போடுங்கள். குழாய் இறக்கும் நாள் வரும்போது வெட்டிக்கொள்ளலாம். அதுவரை ஆள் விழ வழியே இல்லை, தனிச் செலவும் இல்லை.

வலை: எங்கே வேண்டும், எப்படிக் கட்டினால் வேலை செய்யும்

வலையின் பெருமையையும் எல்லையையும் ஒரே கதையில் சொல்வது சான்பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலம். 1933 ஜனவரியில் வேலை தொடங்கியது. பெரிய பாலம் என்றால் செலவாகும் ஒவ்வொரு பத்து லட்சம் டாலருக்கும் ஒரு உயிர் போகும் என்று கணக்கே வைத்திருந்த காலம் அது. தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ், பாலத்தின் தளத்துக்கு அடியில் நெடுக மணிலாக் கயிற்று வலையைக் கட்டவைத்தார். செலவு ஏறத்தாழ 1,30,000 டாலர். பாலத்தின் அகலத்தைவிட இருபுறமும் 10 அடி நீட்டியிருந்தார்கள். அந்த வலையில் விழுந்து பிழைத்தவர்கள் 19 பேர்.

பிறகு 1937 பிப்ரவரி 17. வேலை முடிய மூன்று மாதம்தான் பாக்கி. தளத்துக்கு அடியில் தொங்கிய, ஐந்து டன் எடையுள்ள சாரமேடை ஒன்று கழன்று வலையில் விழுந்தது. வலை கிழிந்து மேடையோடு கடலுக்குப் போனது. பத்துப் பேர் இறந்தார்கள். அதுவரை அந்தப் பாலத்தில் இறந்தது ஒரே ஒருவர். 19 பேரைக் காப்பாற்றிய அதே வலைதான். ஆளுக்காகக் கட்டிய வலை பொருளைத் தாங்காது. இதை நான் ஒவ்வொரு சைட்டிலும் சொல்வேன். ஏனென்றால் நம் சைட்டில் வலையைக் கட்டிய மறுவாரமே அதில் காங்கிரீட் போட அடிக்கும் சென்ட்ரிங் பலகை, முட்டுக் கொடுக்கும் இரும்பு ஜாக்கி, சிமென்ட் பை எல்லாம் கிடக்கும். விழுகிறவர் அந்த ஜாக்கி மேல் விழுந்தால் வலை இருந்து என்ன பயன்? வலையில் விழுந்த சாமானை உடனே எடுக்கவேண்டும், எப்படியும் அடுத்த ஷிஃப்ட் தொடங்குவதற்குள் எடுத்தாகவேண்டும் என்பது ஓஷாவின் விதி. சாமான் விழ வாய்ப்புள்ள இடத்தில், பிடிக்கும் வலைக்கு மேலேயே சன்னக் கண் வலை ஒன்றை விரித்துக்கொள்ளலாம். அந்தப் பச்சை வலைக்கு இங்கே ஒரு நல்ல வேலை இருக்கிறது.

இனி உயரம். வேலை நடக்கும் தளத்துக்கு எவ்வளவு கிட்டத்தில் கட்ட முடியுமோ அவ்வளவு கிட்டத்தில் கட்டவேண்டும். ஓஷா அதிகபட்சம் 30 அடி, அதாவது 9.1 மீட்டர் வரை விடுகிறது. ஐரோப்பியத் தரநிலை 6 மீட்டரோடு நிறுத்திக்கொள்கிறது. நான் ஐரோப்பாக்காரர்கள் பக்கம். ஆறு மீட்டரைத் தாண்டினால் வலை பிடித்தாலும் அடிபடும். கட்டடம் உயர உயர வலையும் உயரவேண்டும். நெடுமாடிக் கட்டடங்களில் இரண்டாவது மாடியில் வெளியே நீட்டி ஒரு வலை கட்டி, பதினைந்தாவது மாடி முடியும்வரை அதை அப்படியே விட்டிருப்பார்கள். மேலிருந்து விழும் கல்லுக்கு அது சரி. பதினைந்தாவது மாடியில் நிற்கும் ஆளுக்கு அது எந்தப் பாதுகாப்பும் தராது.

அகலம் உயரத்தைப் பொறுத்தது. ஓஷாவின் கணக்கில் வலை 5 அடிக்குள் கீழே இருந்தால் ஓரத்திலிருந்து 8 அடி வெளியே நீளவேண்டும். 5 முதல் 10 அடி என்றால் 10 அடி. அதற்கும் கீழே என்றால் 13 அடி. மேலே சொன்ன நடை வேகக் கணக்கோடு இதைச் சேர்த்துப் பாருங்கள், ஏன் இவ்வளவு என்று புரியும். வலையும் வலையும் சேரும் இடத்தில் இடைவெளி விடக் கூடாது. 15 செ.மீ.க்கு ஒரு கட்டு என்று தைத்துக்கொண்டே போகவேண்டும்.

வலையின் கீழே காலி இடம் வேண்டும். பலர் மறக்கும் விஷயம் இது. வலை பலகை மாதிரி நிற்காது, பள்ளமாக இறங்கித்தான் ஆளை நிறுத்தும். அந்த இறக்கம்தான் உயிரைக் காக்கிறது. இழுத்து விறைப்பாகக் கட்டிவிட்டால் கொக்கியும் கயிறும் அறுபடும் அபாயம் அதிகம், விழுகிறவர் முதுகுக்கும் அடி அதிகம். இறங்கும் பள்ளத்துக்குள் பீம், சாரக்குழாய், அடுக்கி வைத்த செங்கல், நிற்கும் லாரி எதுவும் இருக்கக் கூடாது. எவ்வளவு இடம் விடவேண்டும் என்பது வலையின் அளவையும் விழும் உயரத்தையும் பொறுத்தது. விற்கிறவர் அதற்கான அட்டவணை கொடுக்கவேண்டும். கொடுக்கத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

எதில் கட்டுவது? தூண், பீம், கூரையைத் தாங்கும் இரும்பு டிரஸ். சாரத்தில் கட்டக் கூடாது, சாரம் அந்த இழுவைக்குச் செய்ததில்லை. ஐரோப்பிய முறையில் கட்டும் இடங்களுக்கு நடுவே 2.5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொரு இடமும் 6 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 600 கிலோ இழுவையைத் தாங்கவேண்டும். சென்ட்ரிங் கட்டும் கம்பியால் வலையை முடிவதை ஒரு சைட்டில் பார்த்து நானே நின்று அவிழ்க்கச் சொன்னேன். கட்டிய பையன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தான். அவனிடம் வேறு கயிறு இல்லை.

வலை கட்டும் ஆட்களைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. வலை இல்லாத இடத்தில், ஓரத்தில், முதலில் போய் நிற்கப்போகிறவர் அவர்தான். அவருக்குப் பெல்ட்டும், அந்தப் பெல்ட்டை மாட்ட நல்ல இடமும் வேண்டும். முடிந்தால் கீழிருந்து ஏறும் லிஃப்ட் மேடையிலிருந்தே கட்டச் சொல்லுங்கள்.

அப்புறம் பராமரிப்பு. வெயில் நைலானைத் தின்னும். நம்மூர் வெயிலில் இது சின்ன விஷயமில்லை. வெல்டிங் பொறி பட்ட இடம் உருகி, பார்வைக்கு ஒரு கருப்புப் புள்ளியாக மட்டும் தெரியும். காங்கிரீட் பால் ஒழுகிக் காய்ந்தால் வலை விறைத்துப்போகும், அந்த இடம் இறங்காது. வாரம் ஒரு தடவை முழு வலையையும் சுற்றிப் பார்க்கவேண்டும். பெருமழை, காற்று, ஏதாவது விழுந்தது என்றால் அன்றே பார்க்கவேண்டும். ஒரு ஆளைப் பிடித்த வலையை இறக்கிவிட வேண்டியதுதான். தெரிந்தவர் பார்த்துச் சரி என்று சொல்லாமல் மறுபடி ஏற்றக் கூடாது. நல்ல வலையோடு ஒரு சோதனைத் துண்டும் கட்டியிருப்பார்கள். அதே வெயிலில் அதே காலம் கிடந்த அந்தத் துண்டை வருடத்துக்கு ஒருமுறை இழுத்துச் சோதித்தால் வலையின் பலம் இன்னும் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பழைய வலையை வாடகைக்கு எடுப்பவர்கள் முதலில் கேட்கவேண்டியது இதைத்தான்.

பெல்ட்: கணக்குப் போடாமல் மாட்டினால்

இடுப்பை மட்டும் சுற்றும் பெல்ட்டை விழும் ஆபத்துள்ள இடத்தில் போடாதீர்கள். நிறுத்தும் விசை முழுவதும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்கும். தோள், மார்பு, தொடை எல்லாம் சுற்றும் முழு உடல் பெல்ட்தான் வேண்டும். ஐ.எஸ் 3521 முத்திரை பாருங்கள்.

சரி, நல்ல பெல்ட்டே வாங்கியாச்சு. இனி ஒரு சின்னக் கணக்கு. பெல்ட்டையும் ஹூக்கையும் இணைக்கும் கயிறு 1.8 மீட்டர். அதிர்ச்சியை உள்வாங்கும் மடிப்பு பிரிந்தால் இன்னும் ஒரு மீட்டருக்கு மேல். முதுகு வளையத்திலிருந்து பாதம்வரை ஒன்றரை மீட்டர். பாதுகாப்புக்கு ஒரு மீட்டர். கூட்டினால் ஐந்தரை மீட்டர் வருகிறது. அதாவது காலடியில் உள்ள கம்பியில் ஹூக்கை மாட்டியவருக்குக் கீழே ஐந்தரை மீட்டர் காலியாக இருக்கவேண்டும். நம் மாடி உயரமோ மூன்று மீட்டர். முதல் மாடி ஓரத்தில் வேலை செய்கிறவர் ஹூக் மாட்டியிருந்தும் தரையில் மோதுவார். மேல் மாடிகளிலும் கீழே சன்ஷேட் நீட்டிக்கொண்டிருக்கும், அதில் மோதுவார். தலைக்கு மேலே மாட்டினால் தேவை சுமார் இரண்டு மீட்டர் குறையும். ஆனால் திறந்த ஸ்லாப்பில் தலைக்கு மேல் மாட்ட என்ன இருக்கிறது? அதனால் பெல்ட்டை நான் பெரும்பாலும் வேறு மாதிரி பயன்படுத்தச் சொல்வேன். கயிற்றைக் குட்டையாக்கி, உள்ளே தள்ளி ஒரு தூண் கம்பியில் மாட்டி, ஓரத்தையே எட்ட முடியாதபடி செய்வது. மாட்டை முளையில் கட்டுவது மாதிரிதான். விழவே முடியாவிட்டால் பிடிக்கவேண்டிய தேவையும் இல்லை.

இன்னொரு விஷயம், பெல்ட்டில் தொங்குகிறவரை இறக்க வழி வேண்டும். அசையாமல் தொங்கினால் கால்களில் ரத்தம் தேங்கி, சில நிமிடங்களிலேயே மயக்கம் வரும், அதற்கு மேல் உயிருக்கே ஆபத்தாகும். தீயணைப்புப் படை வரட்டும் என்று காத்திருக்க நேரம் கிடையாது. யார், எந்த ஏணியோடு, எத்தனை நிமிடத்தில் அவரை எட்டுவார்கள் என்று முன்பே பேசி வைத்திருக்கவேண்டும். வலையில் விழுந்தவர் படுத்த நிலையில் இருப்பார். அவரை இறக்கவும் திட்டம் வேண்டும், ஆனால் அவசரம் இந்த அளவுக்கு இருக்காது. வலைக்கு நான் கூடுதல் மதிப்பெண் தருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நண்பரின் சைட்டில் எதை எங்கே

முட்டுப் பிரித்த எல்லாத் தளங்களுக்கும் கைப்பிடி. வலை வேண்டாம், பொருள் இறக்கும் வாசலைத் தவிர பெல்ட்டும் வேண்டாம்.

சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்டும் மேல் தளத்துக்கு முடிவெடுக்கத்தான் நேரம் ஆனது. கைப்பிடியை எதில் பொருத்துவது? தளமே இன்னும் பலகைதானே. வெளியே வலை நீட்டலாம், ஆனால் ஒவ்வொரு தளத்துக்கும் அதைத் தாங்கும் இரும்பு பிராக்கெட்டோடு கழற்றி மாட்டவேண்டும். நாலு மாடிக்கு அது கட்டுப்படியாகுமா என்று அவர் கேட்டது நியாயம். வெளிச் சாரத்தைத் தளத்தைவிட ஒரு மீட்டருக்கு மேல் உயரமாக முதலிலேயே ஏற்றிவிட்டால், அதில் கட்டும் குழாய்களே கைப்பிடியாகிவிடும் என்று முடிவு செய்தோம். சாரம் எப்படியும் பூச்சுக்கு வரத்தான் போகிறது, முன்கூட்டியே வரட்டும். சாரத்துக்கும் தளத்துக்கும் நடுவே ஆள் நுழையும் இடைவெளி இருக்கக் கூடாது, அவ்வளவுதான். இதே கட்டடம் பத்து மாடி என்றால் நான் வலை பிராக்கெட்டைத்தான் சொல்லியிருப்பேன். அத்தனை தளங்களுக்கும் அதே வலை ஏறி ஏறிப் போகும்போது செலவு பிரிந்துவிடும்.

குடோன் கூரைக்கு வலை. இதில் பேரமே இல்லை என்று சொல்லிவிட்டேன். ஷீட் வேலை செய்கிறவர் நாள் முழுக்க நகர்ந்துகொண்டே இருப்பார். ஓரம் என்பது அவரோடு சேர்ந்து நகரும், ஒவ்வொரு ஷீட் போடும்போதும் புது ஓரம். கைப்பிடி போட இடமே இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், வெளிச்சத்துக்குப் போடும் ஃபைபர் ஷீட் இவை மேலே காலை வைத்தாலே உடையும். ஓரத்தில் விழுகிறவர்களை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தால், நடுவில் ஷீட்டை உடைத்துக்கொண்டு விழுகிறவரை மறந்துவிடுவோம். ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லினுக்கு ஒட்டினாற்போல் அடியில் வலை விரித்தால் விழும் தூரம் ஒரு மீட்டர்கூட இராது. கூரையின் வெளி ஓரத்துக்குக் கைப்பிடி, வெல்டிங் எல்லாம் வலை கட்டுவதற்கு முன்பே முடித்துவிடுவது, இவை துணைக்கு.

பெல்ட் பத்தில் நாலு போதும் என்றேன். பொருள் இறக்கும் வாசலுக்கு ஒன்று, வலை கட்டுகிறவர்களுக்கு இரண்டு, மாற்றுக்கு ஒன்று. மிச்சத்தை வைத்திருக்கட்டும்.

செலவைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனிக்கவேண்டும். கைப்பிடிக்குச் செலவு ஓரத்தின் நீளத்தைப் பொறுத்து ஏறும், வலைக்குப் பரப்பைப் பொறுத்து, பெல்ட்டுக்கு ஆட்களின் எண்ணிக்கையைப் பொறுத்து. அதனால்தான் நிறைய ஆட்கள் வரும் பெரிய கூரைக்கு வலை கட்டுப்படியாகிறது. பெல்ட்டுக்கான விலையில் ஹூக் மாட்ட நெடுக இழுத்துக் கட்டும் கயிறு, மாட்டும் புள்ளிகள், ஆட்களைப் பழக்கும் நேரம் இவற்றையும் சேர்த்துப் பாருங்கள். அது தோன்றும் அளவுக்கு மலிவில்லை.

சட்டம் பற்றி அவர் கேட்டார். கட்டுமானத் தொழிலாளர்களுக்கென்று 1996-இல் வந்த மத்தியச் சட்டம், அதன் கீழ் 1998-இல் மத்திய விதிகள், 2006-இல் தமிழ்நாட்டு விதிகள் எனப் பல அடுக்கு வந்தன. 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்குப் புதிய தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் பொருந்தாது என்று அந்த 1996 சட்டத்தில் இருந்ததைப் பலர் பிடித்துக்கொள்வார்கள். எட்டுப் பேர் வேலை செய்யும் தளத்தின் ஓரமும் அதே உயரம்தான்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை குடோனில் வலை கட்டி முடித்தார்கள். விற்றவரின் ஆளும் வந்திருந்தார். வலையைக் கட்டியதும், இடம் மாற்றியதும், அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் மணல் மூட்டை போட்டுப் பார்க்கவேண்டும் என்பது ஓஷா முறை. 180 கிலோ மணலை முக்கால் மீட்டர் விட்டமுள்ள மூட்டையாகக் கட்டி, ஆட்கள் நிற்கும் தளத்துக்கும் 1.1 மீட்டர் மேலிருந்து விடவேண்டும். கிரேனில் மூட்டை ஏறும்போது ஷீட் ஆட்கள் எல்லோரும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். மூட்டை விழுந்தது. வலை இறங்கிப் பிடித்தது, ஒரு கட்டும் அறுபடவில்லை. ஆனால் மூட்டையின் அடி, கீழே அடுக்கியிருந்த சாரப் பலகைகளைத் தொட்டுவிட்டது. அந்தப் பலகைகள் அங்கே இருப்பதை நான் உட்பட யாரும் கவனிக்கவில்லை. ஷீட் ஆட்களே போய் அவற்றைத் தூக்கி வெளியே வைத்தார்கள். தரையில் சுண்ணாம்பால் ஒரு கட்டம் போட்டு, அதற்குள் எதுவும் வைக்கக் கூடாது என்று தமிழிலும் இந்தியிலும் எழுதினோம். பிறகு மூட்டையை இரண்டாவது தடவை ஏற்றினார்கள். இந்த முறை எதையும் தொடாமல் நின்றது. திங்கட்கிழமை முதல் ஷீட் ஏறியது.